கெட்டிப்பால்

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த அந்த டீக்கடையில் பாலில் தண்ணீர் கலப்பதில்லை. இதை யாரும் பலகையில் எழுதி மாட்டவில்லை. முதல் வாய் குடித்தவனுக்கே தெரிந்துவிடும். புருஷன் போன பிறகு கடையைத் தனியாளாக நடத்திவந்த அக்கா, பாலில் தண்ணீர் ஊற்றுவதைத் திருட்டுக்குச் சமமாக நினைத்தாள். "குடிக்கிறவன் வயித்தை ஏமாத்துறதும் கும்பிடுற கடவுளை ஏமாத்துறதும் ஒண்ணுதான்" என்பாள். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பாள். அப்புறம் கடை வாசலில் பானை நிறையக் குடிதண்ணீர் ஊற்றி, மூடியின் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைப்பாள். டீ வாங்காதவனும் அதில் குடிக்கலாம். அதற்குப் பிறகுதான் வியாபாரம்.

பக்கத்துக் கிடங்கில் மூட்டை தூக்கும் லோடுமேன்தான் அவளுக்குப் பெயர் வைத்தவன். "உன் டீயில ஈ விழுந்தா நீந்த வேண்டியதில்லக்கா. எழுந்து நடந்தே கரையேறிடும்" என்று ஒருநாள் சொன்னான். கடையே சிரித்தது. அன்றிலிருந்து அவள் கெட்டிப்பால் அக்கா ஆனாள். வெளியே முகத்தைச் சுளித்தாலும் உள்ளுக்குள் அவளுக்கு அந்தப் பெயரில் ஒரு பெருமை உண்டு.

கடைக்குப் பின்னால் இரண்டு அறைகள். ஒன்றில் அக்கா. மற்றதில் அவள் தம்பியும் தம்பி பெண்டாட்டியும். தம்பி சரக்கு வண்டி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி சாலையிலேயே கழிந்துவிடும். தம்பி பெண்டாட்டியை எல்லோரும் சின்னவள் என்றார்கள். சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் வைப்பது அவள் வேலை. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக அவள் கடவுளிடம் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. ஆனால் கடைக்கு யாராவது கைக்குழந்தையோடு வந்தால், டீ ஆற்றும் கை மட்டும் கொஞ்சம் தடுமாறும்.

சின்னவளுக்கு ஆண் குழந்தை பிறந்ததும் தம்பி அதை முதலில் அக்காவின் மடியில்தான் வைத்தான்.

"மொத்தமா உனக்குத்தான்க்கா. நாங்க சும்மா பெத்ததோட சரி."

அவன் விளையாட்டாகச் சொன்னதுதான். அக்கா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தன்னை நம்பி ஓர் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள்.

ஆபரேஷன் செய்து எடுத்த குழந்தை அது. சின்னவளால் வலியில் ஒருக்களித்துப் படுக்கக்கூட முடியவில்லை. பாலும் உடனே ஊறவில்லை. குழந்தை வீறிட்டு அழுதது. "பால் பத்தாது போலிருக்கே" என்று அடுத்த கட்டில்காரி ஆரம்பித்துவைத்தாள். பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் அதையே சொன்னார்கள். பத்தாது, பத்தாது என்று காது புளிக்கக் கேட்டதில் சின்னவளும் அதையே நம்பிவிட்டாள். வார்டு ஆயா இரக்கப்பட்டு எங்கிருந்தோ ஒரு பால்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்தாள். புட்டிப்பால் குடித்த குழந்தை தூங்கிப்போனது. வார்டே நிம்மதியாக மூச்சுவிட்டது. நர்ஸ் ஒருத்தி மட்டும், "மார்ல போட்டுக்கிட்டே இரும்மா, தானா ஊறும். எவ சொல்றதையும் காதுல வாங்காத" என்றாள். அவள் சொன்னபடியே ஊறியது. வீட்டுக்கு வந்த பிறகு குழந்தை தாய்ப்பாலும் குடித்தது, புட்டிப்பாலும் குடித்தது.

கொஞ்ச நாளில் கம்பெனி கூப்பிட்டது. இன்னும் தாமதித்தால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள். சின்னவள் போனாள். வரிசையாக மிஷின்கள், தலைக்கு மேலே டியூப் லைட், எழுந்து நடக்க இடைவேளை மணி அடிக்க வேண்டும். பால் கட்டி வலித்தால் பிழிந்துவிட ஒதுக்குப்புறம் என்று எதுவும் கிடையாது. கழிவறைதான், அதற்கும் வாசலில் ஆள் நிற்கும். ஒருநாள் பால் கசிந்து வெள்ளைச் சட்டைக் காலர் ஒன்றில் பட்டுவிட்டது. சூப்பர்வைசர் அந்தச் சட்டையை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்து, "தைக்க வந்தியா, பால் பண்ணை வைக்க வந்தியா?" என்று கேட்டான். மிஷின்கள் நின்று மறுபடி ஓடின. மறுநாள் சின்னவள் துணியை மார்போடு இறுக்கிச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகு பால், கோபித்துக்கொண்டு போன விருந்தாளி மாதிரி போய்விட்டது. எவ்வளவு கெஞ்சியும் திரும்பவில்லை.

அப்படித்தான் பகல் முழுவதும் குழந்தை அக்காவின் கைக்கு வந்தது. அடுப்பின் சூடு படாத மூலையில் தொட்டில் போட்டாள். லோடுமேன் குழந்தைக்குச் சின்ன முதலாளி என்று பட்டம் கொடுத்து, வரும்போதெல்லாம் ஒரு சலாம் வைத்தான். "சின்ன முதலாளி, சம்பளம் எப்போங்க?" என்பான். குழந்தை பொக்கை வாயால் சிரிக்கும்.

நர்ஸ் சொல்லி அனுப்பிய அளவு அக்காவுக்கு நினைவிருந்தது. புட்டியில் இத்தனை கோடு தண்ணீருக்குத் தலைதட்டி நாலு கரண்டி பவுடர். முதல் நாள் அப்படியே கலக்கி, புட்டியைச் சாய்த்துப் பார்த்தாள். கண்ணாடியில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. வழியில் போகிறவனுக்கே கெட்டிப்பாலில் டீ கொடுப்பவள், தம்பி பிள்ளைக்குப் பாத்திரம் கழுவின தண்ணீரையா கொடுப்பாள்? ஆஸ்பத்திரி கேண்டீன் டீயை அவள் குடித்துப் பார்த்திருக்கிறாள். அங்கே இருக்கிறவர்களுக்குப் பாலைப் பற்றி என்ன தெரியும் என்று தோன்றியது. இன்னொரு கரண்டி போட்டாள். குழந்தை வழக்கத்தைவிட அதிக நேரம் தூங்கியது.

மாடி வீட்டு அத்தை வாய்க்குப் பயப்படாத ஆள் அந்தத் தெருவில் இல்லை. அவள் முதலில் வந்து பார்த்தபோது, "ஏண்டி, கடையில பால் ஆறா ஓடுது, புள்ள எலிக்குஞ்சாட்டம் கிடக்கு?" என்றாள். அக்காவுக்குச் சுருக்கென்றது. அலமாரியில் இருந்த டப்பாவைப் பார்த்தாள். அதில் அச்சடித்திருந்த குழந்தைக்குக் கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பியிருந்தது. அன்று முதல் ஆறு கரண்டி, அதுவும் குவித்து. சீக்கிரமே சின்ன முதலாளிக்கும் கன்னம் வந்தது. கையில் மடிப்பு விழுந்தது. மாடி வீட்டு அத்தையே மோவாயில் கை வைத்து, "கண்ணு பட்டுடப் போகுது" என்றாள்.

சின்னவள் ஒருநாள் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணி, நாலு கரண்டிதானே போடச் சொன்னாங்க?"

"அது ஊருக்குச் சொல்ற கணக்கு கண்ணு. இது நம்ம வீட்டுப் புள்ள. உன் புருஷனை நான் வளர்க்கலையா? எருமையாட்டம் இல்ல?"

சின்னவள் சிரித்துவிட்டாள். குழந்தையின் தொடையைக் கிள்ளி முத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

தொட்டில் துணி நனைவது குறைந்தது. அக்கா அதைச் சமத்து என்று நினைத்தாள். மலம் இறுகி, குழந்தை முகம் சிவக்க முக்கியது. "உழைப்பாளிப்பா இவன்" என்றான் லோடுமேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்பு இருந்தால் போதும், மிச்சமெல்லாம் தானாக வந்துவிடும் என்று அக்கா நம்பினாள். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் அன்பில்தான் சேர்த்தி என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்ன நர்ஸையும் அவள் நம்பவில்லை.

வெயில் கொளுத்திய ஒருநாள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. வயிறும் போனது. தம்பி வண்டியோடு வெளியூரில் இருந்தான். வீட்டு வைத்தியத்தில் சரியாகிவிடும் என்று சொல்லி அக்காதான் சின்னவளை வேலைக்கு அனுப்பிவைத்தாள். குழந்தை விடாமல் அழுதது. புட்டியைக் காட்டினால் பறக்கப் பறக்க உறிஞ்சும். முடித்துவிட்டு மறுபடி அழும். "பாவம், பசி. காய்ச்சல் உடம்புக்குத் தெம்பு வேணும்ல" என்று அவள் இன்னும் ஒரு கரண்டி கூட்டினாள். வாசலில் வெயிலில் வந்தவர்கள் பானையிலிருந்து மொண்டு மடக் மடக்கென்று குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். குழந்தை அந்தச் சத்தம் வந்த பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தது.

உச்சிவேளையில் டீக்கு வந்த லோடுமேன் வழக்கம்போல் சலாம் வைக்கக் குனிந்தான். கை பாதியில் நின்றது.

"அக்கா, சின்ன முதலாளி அழறான். கண்ணுல தண்ணியே வரலியே?"

அப்போதுதான் அவள் பார்த்தாள். உதடு காய்ந்திருந்தது. உச்சந்தலையில் மெத்தென்று துடிக்கும் இடம் குழிந்துபோயிருந்தது. அழுகைகூட அழுகையாக இல்லை, பூனைக்குட்டி கத்துவது போல் மெலிந்துவிட்டது. அவள் அடுப்பை அணைக்கவில்லை, செருப்புப் போடவில்லை. குழந்தையோடு புட்டியையும் டப்பாவையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினாள். லோடுமேன் ரோட்டின் நடுவில் நின்று ஓர் ஆட்டோவை மறித்தான்.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. ஒருவழியாகக் குளுக்கோஸ் ஏறத் தொடங்கியது. சின்னவள் கம்பெனியிலிருந்து ஓடிவந்தபோது அவள் தலைமுடியில் வெள்ளை நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. டாக்டர் இளவயசுப் பெண். கோபப்படாமல்தான் கேட்டாள்.

"பால் எப்படிம்மா கலக்குவீங்க? வீட்டுல செய்யற மாதிரியே ஒருதடவ செஞ்சு காட்டுங்க."

அக்காவுக்கு உள்ளே ஒரு தைரியம் வந்தது. இது ஒன்றிலாவது தன் மேல் குறை சொல்ல முடியாது என்று நினைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். புட்டியை வெந்நீரில் அலசினாள். ஆறின தண்ணீரை ஊற்றி, குவித்துக் குவித்துப் பவுடரைப் போட்டாள். மூடிக் குலுக்கி, வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினாள். பால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மெல்ல இறங்கியது.

"பாருங்கம்மா, எப்படி ஒட்டுது. ஒருநாளும் நீர்க்கக் கொடுத்ததில்ல. என் கடையில யாரை வேணா கேளுங்க."

டாக்டர் புட்டியை வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

"இவ்வளவு கெட்டியைச் சின்னப் புள்ளையோட உடம்பு தாங்காதும்மா. இதைச் செரிக்க உடம்புல இருக்கற தண்ணி எல்லாம் செலவாயிடும். போதாததுக்குக் காய்ச்சல், வயித்துப்போக்கு வேற. ரத்தத்துல உப்பு ஏறிப்போச்சு." குரலைத் தணித்துக்கொண்டாள். "அது பசிக்கு அழலம்மா. தாகத்துக்கு அழுதிருக்கு."

அக்கா புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் அக்காவைப் பார்த்தாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு குழந்தையின் பக்கம் போய் நின்றாள்.

குழந்தைக்கு வலிப்பு வந்தது. நின்றது. மறுபடி வந்தது. தம்பி வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு வந்து சேர்ந்தபோது மறுநாள் காலை விடிந்திருந்தது. குழந்தை அப்போது இல்லை.

யாரும் அக்காவைத் திட்டவில்லை. தம்பி ஒரே ஒருமுறை, "விடுக்கா, நீ என்ன வேணும்னா செஞ்ச?" என்றான். சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனவன், அதன் பிறகு வீட்டில் தங்குவதையே குறைத்துக்கொண்டான். சின்னவள் அதுவும் சொல்லவில்லை. போட்டதைச் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், கம்பெனிக்குப் போனாள், வந்தாள். அண்ணி என்று கூப்பிடுவது நின்றுபோனது. ஏதாவது கேட்டால் சுவரைப் பார்த்துப் பதில் வரும். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அக்காவுக்கு.

கடையைத் திறக்காமல் இருக்க அவளுக்குத் தெரியவில்லை. திறந்தாள். அடுப்பின் முன் கண்ணை மூடி நிற்கும்போது சொல்வதற்கு ஒன்றும் வாயில் வரவில்லை. வாசல் பானையைக் கவிழ்த்துவைத்தாள். அதில் தண்ணீர் ஊற்றக் கை வரவில்லை. ஊருக்கெல்லாம் தண்ணீர் வைத்தவள் அவள்.

விஷயம் தெரியாத வாடிக்கைக்காரன் ஒருத்தன் ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே, "கெட்டிப்பால் அக்கா, சூடா ஒரு டீ!" என்று கத்தினான். பால் பாத்திரம் அவள் கையிலிருந்து நழுவியது. லோடுமேன் தன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, அவன் தோளில் கைபோட்டுத் தெருமுனை வரை கூட்டிக்கொண்டு போனான். என்ன பேசினானோ தெரியாது. திரும்பி வந்த அந்த ஆள், "அக்கா, டீ" என்று மெதுவாகக் கேட்டான். அதற்குப் பிறகு அந்தக் கடையில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. கிடங்கு ஆட்கள், டிரைவர்கள், கண்டக்டர்கள் என்று எல்லோருக்கும் அது ஒரே நாளில் மறந்துபோனது. பெயர் வைத்தவனே பெயரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அக்கா அதைக் கவனித்தாள். அவன் கிளாஸை விளிம்பு வரை நிரப்பினாள்.

கம்பெனி விடுமுறை நாள் ஒன்றில், பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் இளம்பெண் இடுப்பில் குழந்தையும் தோளில் பையுமாகக் கடைக்கு வந்தாள்.

"அக்கா, புள்ளைக்குப் பால் கலக்கணும். கொஞ்சம் வெந்நீர் தர்றீங்களா?"

அக்கா காய்ச்சி ஆறின தண்ணீரைப் புட்டியில் ஊற்றினாள். அந்தப் பெண் டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி போட்டாள். இரண்டு, மூன்று, நாலு. அப்புறம் ஐந்தாவதைக் குவித்து அள்ளினாள்.

"பஸ்ல தூங்கணும்ல. ஒண்ணு கூடப் போட்டா அசந்துடும்" என்று சிரித்தாள்.

அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கரண்டியிலிருந்த பவுடர் உதிர்ந்தது.

"வேணாம்மா."

"என்னக்கா? கையை விடுங்க."

"சொன்ன அளவுக்கு மேல போடாதம்மா. அது தூக்கம் இல்ல. புள்ளைக்குத் தாகம் எடுக்கும், சொல்லத் தெரியாது. நான்…" பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. "நான் அப்படித்தான் குடுத்தேன். கெட்டியா குடுத்தா நல்லதுன்னு நினைச்சேன். எங்க புள்ள போயிடுச்சு."

இளம்பெண் பயந்துபோய்க் கையை உதறினாள். "என்ன இப்படிப் பேசறீங்க? டாக்டரா நீங்க? எங்க வீட்டுல எல்லாரும் இப்படித்தான் குடுக்கறாங்க." டப்பாவை மூடிப் பையில் திணிக்கப் போனாள்.

அப்போது பின் அறையின் கதவு திறந்தது. சின்னவள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. கடைக்குள் வந்து அக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"அண்ணி சொல்றதைக் கேளுங்க" என்றாள் அந்தப் பெண்ணிடம். "அது என் புள்ளதான்."

ஒரு பஸ் வந்து, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. இளம்பெண் ஏறவில்லை. புட்டியையும் தன் குழந்தையையும் மாறிமாறிப் பார்த்தாள். சின்னவள் டப்பாவை வாங்கி, அதில் எழுதியிருந்ததை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக் காட்டினாள். கரண்டியைக் கத்தி முதுகால் எப்படித் தலைதட்ட வேண்டும் என்று அக்கா காட்டினாள். பால் நீர்க்கத்தான் இருந்தது. குழந்தை குடித்துவிட்டு, அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விழித்துப் பார்த்தது. தூங்கவில்லை.

அடுத்த பஸ்ஸில் அவர்கள் போனார்கள். சின்னவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியும் அண்ணி. ஒருதடவ கேட்டேன். அப்புறம் புள்ள குண்டாச்சா, எல்லாரும் மெச்சினாங்களா, நானும் விட்டுட்டேன்" என்றாள். "அன்னைக்கு உங்க முகத்தை என்னால பாக்க முடியல. என் முகத்தையும்தான்."

அக்கா அவள் தலையில் கையை வைத்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். வாடிக்கைக்காரர்கள் ரோட்டைப் பார்த்தபடி டீயைக் குடித்தார்கள். லோடுமேன் கிளாஸ்களைத் தானே எடுத்துக் கழுவி வைத்தான்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சின்னவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் கவிழ்ந்து கிடந்த பானையை நிமிர்த்தி, உள்ளே படிந்திருந்த தூசியைக் கழுவினாள். தண்ணீர் பிடித்து நிரப்பி, மூடியின் மேல் டம்ளரைக் கவிழ்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதே டம்ளரில் முதல் தண்ணீரை மொண்டு உள்ளே கொண்டுவந்தாள்.

"குடிங்க அண்ணி. காலையிலேர்ந்து ஒண்ணும் குடிக்கல நீங்க."

அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதைக் குடித்து முடிக்க அவளுக்கு வெகு நேரம் பிடித்தது.